உஷார்! ‘எல்லாம் நான் பாத்துக்கறேம்மா’ என்று வரும் குப்பை வண்டி!

பாத்ரூம் டைல்ஸை உடைத்து மாற்றப் போகிறீர்களா? மொட்டைமாடி ஷீட்டைப் பிரித்துவிட்டு ரூம் போடப் போகிறீர்களா? வீட்டைக் காலி செய்யும்போது பழைய கட்டில், மெத்தை, சோபாவை யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்று இருக்கிறீர்களா?

ஒரு நிமிஷம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கொத்தனார் யார், டைல்ஸ் என்ன விலை, எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது என்று பத்துப் பேரைக் கேட்டிருப்பீர்கள். உடைத்துப் போட்டதை யார் எடுத்துப் போகிறார், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று ஒருவரையாவது கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஸ்கூட்டரை எடுக்க இடமில்லை. எதிர்வீட்டுக்காரர் முறைக்கிறார். எப்படியாவது போய்த் தொலைந்தால் சரி!

உங்களுடைய இந்த அவசரத்தை நம்பித்தான் ஒரு கூட்டம் பிழைக்கிறது.

குறைந்த காசு கேட்பார்கள். சிரித்த முகத்தோடு வருவார்கள். மளமளவென்று அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். இருட்டியதும் ஏரிக்கரையிலோ, மழைநீர்க் கால்வாயிலோ, எவருடைய காலி மனையிலோ கவிழ்த்துவிட்டுப் பறந்துவிடுவார்கள்.

கடைசியில் மாட்டிக்கொள்வது யார் தெரியுமா? நீங்கள்!

ஒரு அம்மாவுக்கு நடந்தது

சென்னைப் புறநகரில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. பணி ஓய்வு பெற்றவர். பிள்ளை வெளிநாட்டில். ஊரும் பெயரும் வேண்டாம். அவர் பட்ட அவமானமே போதும்.

வீட்டில் இரண்டு பாத்ரூமையும் இடித்துப் புதிதாகக் கட்டினார். அதோடு சேர்த்து, பரணில் இருந்த பழைய சாமான், காகிதம், துணி எல்லாவற்றையும் இறக்கிச் சாக்கில் கட்டி வைத்தார். காம்பவுண்டு ஓரம் மலைபோல் குவிந்துவிட்டது. மேஸ்திரியைக் கேட்டால், “ரப்பிஷ் எடுக்கறது நம்ம வேலை இல்லம்மா” என்று கையை விரித்துவிட்டார். கரண்ட் கம்பத்தில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. அழைத்தார். அரை மணி நேரத்தில் ஒரு தம்பி வந்து நின்றார்.

“மூணு ட்ரிப் ஆகும்மா. வெளியில கேட்டீங்கன்னா மயக்கம் போட்டுடுவீங்க. எனக்கு அதுல பாதி குடுங்க, போதும்.”

“எங்கப்பா கொண்டுபோய்க் கொட்டுவ?”

“அதுக்கெல்லாம் கார்ப்பரேஷன் கிரவுண்டு இருக்கும்மா. நீங்க ஏன் கவலைப்படறீங்க? எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

பாதிப் பணம் முன்பணம். போனிலேயே அனுப்பிவிட்டார். ‘குட்டியானை’ மினி லாரி வந்தது. முதல் ட்ரிப்பில் என்ன ஏறியது என்று கேளுங்கள். பழைய கீசர், பித்தளைக் குழாய்கள், ஜன்னல் கிரில், தேக்கு நிலைக்கட்டை. காயலான் கடையில் காசாகும் சாமான் அத்தனையும் ஏறிவிட்டது. இரண்டாவது ட்ரிப்பில் பரணிலிருந்து இறக்கிய சாக்குகளும் கொஞ்சம் உடைசலும் போயின.

மூன்றாவது ட்ரிப் வரவே இல்லை.

போன் ஸ்விட்ச் ஆஃப். பாதிக் குவியல் அப்படியே கிடக்கிறது. போனால் போகட்டும் என்று வேறொரு வண்டி பிடித்து மீதியை எடுக்கச் சொன்னார். இரண்டாவது செலவு.

சில நாள் கழித்து வாசலில் சுகாதார ஆய்வாளர் நிற்கிறார். கையில் ஒரு பழைய மின் கட்டண அட்டை, வங்கியிலிருந்து வந்த ஒரு கடித உறை. இரண்டிலும் இந்த அம்மாவின் பெயர், முகவரி. ஏரிக்கரையில் கொட்டிக் கிடந்த குவியலைக் கிளறியபோது சாக்குக்குள் இருந்தது கிடைத்திருக்கிறது.

“இது உங்க வீட்டுக் குப்பைதானேம்மா?”

இல்லை என்று எப்படிச் சொல்வது?

“எடுத்துப்போன வண்டி நம்பர் என்ன?” தெரியாது. “டிரைவர் பேர்?” ஏதோ சொன்னார், ஞாபகமில்லை. “ரசீது?” இல்லை. போனில் பணம் அனுப்பினாரே, அதில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் யார்? அதுவும் தெரியாது.

அபராதம் கட்டினார். ஏரிக்கரையில் கிடந்ததை அள்ளவும் அவரே வண்டி பிடித்துக் கொடுத்தார். ஒரே குப்பைக்கு மூன்று முறை செலவு! “காசு போனாப் போகுது. இத்தனை வருஷம் ஒரு ஆபீசுல உத்தியோகம் பாத்தவ நான். தெருவே வேடிக்கை பாக்க, திருடி மாதிரி நின்னேன்” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

அவர் செய்த தப்பு என்ன? வண்டி கிளம்பும்போது நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்!

காசு கொடுத்தால் கடமை தீர்ந்ததா? இல்லை!

“வண்டிக்காரன்தானே கொட்டினான்? நான் எதுக்குப் பொறுப்பு?” என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

கட்டடக் கழிவுக்கென்றே மத்திய அரசு 2016-ல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. கழிவை உண்டாக்குபவருக்குத்தான் அதில் முதல் பொறுப்பு. கான்கிரீட், மண், இரும்பு, மரம், பிளாஸ்டிக், செங்கல் என்று தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். சாலையிலோ வடிகாலிலோ போய் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாகப் பெரிய கட்டுமானங்களை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் புதிய விதிகளை 2025-ல் அறிவித்தார்கள். 2026 ஏப்ரல் 1 அவை நடைமுறைக்கு வரும் தேதி. சட்டம் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டுதான் போகிறது. தளரப் போவதில்லை.

குப்பையில் உங்கள் பெயர் இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள்!

நம்பிக்கை வரவில்லையா? 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பக்கம் கேரளத்து மருத்துவமனைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரிந்தது? கழிவோடு கழிவாக நோயாளிகளின் சீட்டுகளும் மருத்துவமனைப் பெயர் போட்ட காகிதங்களும் கிடந்தன. திருவனந்தபுரம் என்று அதிலேயே இருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்றே நாளில் எடுத்துப் போகச் சொன்னது. கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அத்தனையையும் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். இடைத்தரகர்கள் கைதானார்கள். அந்தக் கொதிப்புக்குப் பிறகு, மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுகிறவர்கள் மேல் குண்டர் சட்டம் பாயும்படி 2025-ல் தமிழகச் சட்டப்பேரவையில் திருத்த மசோதாவே நிறைவேறியது.

அங்கேயும் கதை இதேதான். ‘நாங்க பாத்துக்கறோம்’ என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். எங்கே போகிறது என்று கொடுத்தவர்கள் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. பெரிய மருத்துவமனைகளையே காகிதம் காட்டிக்கொடுத்தது என்றால், உங்கள் வீட்டு கரண்ட் பில் எம்மாத்திரம்?

அந்த லோடு எங்கே போகிறது?

சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்தது. 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிய பரப்பு 1,248 ஹெக்டேர்தான். மீதி எங்கே? கட்டடம் தின்றது, சாலை தின்றது, குப்பை தின்றது. தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இந்தச் சதுப்புக்கு வந்துதான், ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். வழியில் நீங்கள் கொடுத்த உடைசல் கிடந்தால்?

தண்ணீர் வேறு எங்கே போகும்? உங்கள் வீட்டுக்குத்தான் வரும்!

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்ததைப் பார்த்தோமே! ஒரு குட்டியானை லோடு சுமார் முக்கால் டன். அது ஒன்று என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஏரியின் உபரிநீர் வெளியேறும் வாய்க்காலை அடைக்க நாலு லோடு போதும். கட்டட உடைசல் மட்காது. வெள்ளத்தில் கரையாது. போட்ட இடத்திலேயே இறுகிக் கிடக்கும். அதன்மேல் அடுத்தவன் வந்து கொட்டுவான். ஒரு வருஷத்தில் கரை மேடாகும். பிறகு அங்கே குடிசை, கடை, பட்டா என்று கதை வேறு மாதிரி போகும்.

கொட்டுவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. தீ வைப்பார்கள்! பழைய வயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள். வயர்மேல் இருக்கும் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்ஸின் என்ற கொடிய நச்சு கிளம்பும். பக்கத்தில் விளையாடும் குழந்தைதான் அதைச் சுவாசிக்கிறது. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்தால் ஈயமும் ஆசிடும் மண்ணில் இறங்கும். டியூப்லைட் உடைந்தால் பாதரசம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை வண்டியில் அடக்குவதற்காகச் சுத்தியலால் தட்டித் தட்டி நொறுக்குவார்கள். நீங்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். இருபது, முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வெளியே வரலாம். தயவுசெய்து ஷீட்டை உடைக்க விடாதீர்கள்! தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசு முழுசாக இறக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இந்த அறிகுறி தெரிந்தால் உஷார்!

எல்லா வண்டிக்காரர்களும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. வெயிலில் நின்று அள்ளி, நேர்மையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கூட்டம் கெடுக்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. மற்றவர்கள் கேட்பதில் பாதி கேட்கிறார். டீசல் விலை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆள் கூலியும் ஒன்றுதான். மறுசுழற்சி ஆலை வரை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டணமும் கட்டுகிறவரால் பாதிக் காசுக்கு வர முடியாது. அப்படியென்றால் அவர் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை!

2. எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால் மழுப்புகிறார். ‘கார்ப்பரேஷன் கிரவுண்டு’, ‘ஊருக்கு வெளியே’, ‘நமக்குத் தெரிஞ்ச இடம்’. இதெல்லாம் பதில் இல்லை. நேர்மையானவர் இடத்தின் பெயரைச் சொல்வார்.

3. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வருவேன் என்கிறார். சென்னைக்குள் பகலில் கனரக லாரி வரக் கட்டுப்பாடு உண்டுதான். குட்டியானைக்கு அர்த்த ராத்திரியில் என்ன வேலை? விசாரியுங்கள்.

4. நம்பர் பிளேட்டில் சேறு. அல்லது நம்பர் பிளேட்டே இல்லை. மேலே பேச்சே வேண்டாம். அனுப்பிவிடுங்கள்.

5. முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். ‘டீசல் போடணும்மா’, ‘ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்மா’ என்பார். பணம் போகும் கணக்கில் வேறு யாரோ பெயர் வந்தால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

6. இரும்பையும் பித்தளையையும் முதலில் ஏற்றுகிறார். மண்ணையும் செங்கல்லையும் ‘அடுத்த ட்ரிப்’ என்கிறார். அடுத்த ட்ரிப் வராது!

7. சமையல் கழிவு, பெயின்ட் டப்பா, மருந்து, பேட்டரி, மெத்தை, உடைசல் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் போடச் சொல்கிறார். பிரிக்காத குப்பையை எந்த ஆலையும் வாங்காது. அவருக்கு ஆலைக்குப் போகும் எண்ணமே இல்லை.

8. தார்ப்பாய் இல்லை. வழியெல்லாம் சிந்திக்கொண்டு போவார். பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணில் மண் விழுந்தால் விபத்துதான்.

9. ட்ரிப் கணக்கில் விளையாடுகிறார். மூன்று ட்ரிப் என்று பேசிவிட்டு அரை வண்டி, முக்கால் வண்டியாக ஏற்றி ஐந்து என்பார். பாதி வேலை நடக்கும்போது குரல் மாறும். “குடுக்கலேன்னா இப்படியே இறக்கிட்டுப் போயிடுவோம்” என்பார்.

10. ரசீது கேட்டால் சிரிக்கிறார். “குப்பைக்கு ரசீதாம்மா?” ஆமாம். குப்பைக்குத்தான் ரசீது!

இதில் இரண்டு பொருந்தினாலே போதும். வேறு ஆளைப் பாருங்கள்.

காலி மனை வைத்திருப்பவர்களே, உங்களுக்கு இன்னொரு வலை!

“சார், உங்க மனை பள்ளமா இருக்கு. இலவசமா ஃபில்லிங் போட்டுத் தர்றோம்” என்று ஒரு போன் வரும். ஆகா, மண் லோடு என்ன விலை விற்கிறது, இலவசமாக வருகிறதே என்று தலையாட்டிவிடாதீர்கள்.

இலவசமாக வருவது மண் இல்லை. இன்னொருவர் வீட்டுக் குப்பை!

மேலே ஒரு சாண் செம்மண் பரப்பியிருப்பார்கள். அடியில் மரத்துண்டு, பிளாஸ்டிக், தெர்மாகோல், துணி, சமயத்தில் தொழிற்சாலைக் கழிவு. மரம் மட்கி உள்ளே பொந்து விழும். கறையான் குடியேறும். அதன்மேல் வீடு கட்டினால் தரை இறங்கும், சுவர் விரியும். ரசாயனக் கழிவு இருந்துவிட்டால் போர்வெல் தண்ணீரே கெட்டுப்போகும். உங்கள் மனைக்கு மட்டுமா? அக்கம்பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்துத்தான்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வேலி போடாத மனை என்றால் ஒரே ராத்திரியில் பத்து லோடு இறங்கிவிடும். எடுக்கும் செலவு உங்கள் தலையில். மனைக்கு வேலி போடுங்கள். பெயர்ப்பலகை வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பழக்கம் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

செப்டிக் டேங்க் வண்டியா? இங்கே உயிரே போகும்!

இதுவரை சொன்னது காசும் மானமும். இது உயிர்!

செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று கிடைத்த நம்பரில் வண்டியைக் கூப்பிடுவீர்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்க மாட்டீர்கள். உறிஞ்சிய கழிவை அவர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தூரம் போக மனமில்லாமல் பக்கத்து ஓடையில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த ஓடை ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து உங்கள் வீட்டு போர்வெல்லுக்கு வருகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. “அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கும்மா, ஆளை இறக்கிடலாமா?” என்று கேட்பார்கள்.

கூடாது! கூடவே கூடாது!

உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு ஒரு சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். அப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே குழியில் போன செய்திகளை நீங்கள் படித்ததில்லையா? பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைச் செப்டிக் டேங்கில் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும். சாக்கடைச் சாவுகளுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு தாய் பெற்ற பிள்ளை செத்துப்போனால், அந்த வீட்டில் நீங்கள் எப்படிக் குடியிருப்பீர்கள்?

14420 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் செப்டிக் டேங்க், சாக்கடை சுத்தம் செய்ய உதவிக்கும், ஆளை இறக்குகிறார்கள் என்றால் புகார் சொல்லவும் அந்த எண்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது?

பயப்பட வேண்டாம். வழி இருக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே யோசித்தால் போதும்.

முதலில் 1913. சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் இந்த எண்ணை அழையுங்கள். வீட்டில் இவ்வளவு உடைசல் இருக்கிறது, நீங்களே எடுப்பீர்களா, நான் எங்கே கொண்டுவர வேண்டும், என்ன கட்டணம் என்று கேளுங்கள். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டடக் கழிவை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 400 டன் அரைக்கக் கூடியது. உங்கள் பழைய சுவர் அங்கே ஜல்லியாகவும் மணலாகவும் மாறி மறுபடி வேலைக்குப் போகும். கட்டில், மெத்தை, சோபா போன்ற பெரிய சாமான்களைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டையும் மாநகராட்சி 2025-ல் தொடங்கியிருக்கிறது. கேட்டால்தானே கிடைக்கும்? மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு எட்டு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, பிரியுங்கள். இரும்பு, பித்தளை, மரம் எல்லாவற்றையும் நீங்களே காயலான் கடைக்கு எடை போட்டு விற்றுவிடுங்கள். ஏமாற்றுக்காரர்களுக்குக் கொழுத்த லாபமே அதில்தான். அதை எடுத்துவிட்டால் அவர்களில் பாதிப் பேர் உங்கள் வாசலுக்கே வரமாட்டார்கள்! நல்ல நிலையில் இருக்கும் செங்கல்லை வீட்டு வேலைக்கே திரும்பப் பயன்படுத்தலாம். மேஸ்திரியைக் கேளுங்கள்.

மூன்றாவது, காகிதம். குப்பையில் போகும் சாக்கில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது. கரண்ட் பில், வங்கிக் கடிதம், ஆதார் நகல், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் கிழித்து, நனைத்துக் கூழாக்கிவிடுங்கள். ஏரிக்கரையில் சிக்கினால் ஒரு வம்பு. ஆதார் நகல் ஒரு மோசடிக்காரன் கையில் சிக்கினால் அதைவிடப் பெரிய வம்பு. பழைய போன், கம்ப்யூட்டர் கொடுப்பதாக இருந்தால் சிம், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்.

நான்காவது, எலெக்ட்ரானிக் சாமானும் பேட்டரியும் தனி. புது இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டிவி, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

வண்டி கிளம்பும் முன்னால் இதைச் செய்யுங்கள்:

வண்டி நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ. லோடு ஏற்றிய பிறகு ஒரு போட்டோ. டிரைவரின் பெயர், போன் நம்பர். எத்தனை ட்ரிப், எவ்வளவு ரூபாய், எங்கே கொட்டப்படும் என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி. அவரிடமிருந்து ‘சரி’ என்று பதில். ஆலையில் எடை போட்டுத் தரும் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் மீதிப் பணம். இதையெல்லாம் சொன்னதும் அவர் முகம் சுருங்கினால், ஆள் யார் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா?

ஒளிக்காதீர்கள். சும்மா இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பணம் அனுப்பிய விவரம், போன் நம்பர், தெருக் கேமராப் பதிவு என்று கையில் இருப்பதை எல்லாம் எடுத்து வையுங்கள். கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும், உடனே கேளுங்கள். மாநகராட்சிக்கு நீங்களே முதலில் புகார் கொடுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். குப்பை எங்கேயாவது அகப்படும் முன்பே புகார் பதிவாகியிருந்தால், நீங்கள் ஏமாற்றப்பட்டவர் என்று சொல்ல ஒரு ஆதாரம் இருக்கும். அதற்குப் பிறகு என்றால் நீங்களும் கூட்டாளிதானே என்று கேட்பார்கள்.

கண்ணெதிரே யாராவது ஏரியில் கொட்டுவதைப் பார்த்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். அவர்கள் கூட்டமாக இருப்பார்கள். கையில் மண்வெட்டி இருக்கும். தள்ளி நின்று வண்டி நம்பரையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போட்டோ. பிறகு 1913-க்கோ போலீசுக்கோ சொல்லுங்கள்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்றைக்கே போன் போட்டு இதைச் சொல்லுங்கள். வயதானவர்கள் வீடுதான் இவர்களுக்கு முதல் குறி. அப்பார்ட்மென்ட் சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே பேசுங்கள். யார் வீட்டில் இடித்தாலும், கழிவு போகும் இடத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் லிஃப்டில் மூட்டை இறங்க வேண்டும் என்று விதி போடுங்கள்.

நீங்கள் வேலை தொடங்கப் போகிறீர்கள் என்றால், மேஸ்திரியிடம் கூலி பேசும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்: “இடிச்சதை யார் எடுக்கப் போறா? எந்த இடத்துக்கு? ரசீது வருமா?” மூன்றுக்கும் பதில் வரும்வரை சுவரில் ஒரு கடப்பாரை படக் கூடாது!